நெஞ்சில் தொகுத்த பாடல்கள்

நுழையும்முன்

பிடித்த பாடல்களைத் தேர்ந்து, தமக்குரிய வரிசையில் அடுக்கிக் கேட்பது இன்று கைப்பேசியில் நொடியில் முடியும் செயல். ஒலிப்பதிவுக் கருவி தோன்றாத காலத்தில் அத்தகைய தொகுப்பு பாடுவோர் நினைவில் மட்டுமே இருந்தது. அவ்வாறு உடையார்பாளையத்தில் உருவாகி, ஒரு குடும்பத்தின் வழியே நூலாகிய பாடல்களைப் பற்றியது இப்பாடம்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் வழியில் உள்ளது உடையார்பாளையம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது புலவர்களையும் இசைவாணர்களையும் ஆதரித்த ஜமீனின் தலைநகர். அங்கு அவைக்கள வித்துவானாக விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். ‘கனம்’ என்பது அவருடைய இயற்பெயரின் பகுதியன்று. அடிவயிற்றிலிருந்து குரலெழுப்பிப் பாடும் கடினமான இசைமுறையின் பெயர். பொப்பிலி கேசவையா என்னும் ஆந்திர நாட்டு வித்துவான் தஞ்சைக்கு வந்தபோது அவரிடம் அம்முறையைக் கற்றதனால் கிருஷ்ணையருக்கு அது அடைமொழியாயிற்று.

அவருடைய மருகர் வேங்கடசுப்பையர். இவர் உடையார்பாளையத்தில் அம்மானுடன் தங்கி, குருகுலவாசமாக இசை பயின்றார். ஏட்டைப் பார்த்துப் படிக்கும் கல்வியன்று அது. குரு பாடுவார், மாணவர் கேட்பார், நினைவில் நின்றது மட்டுமே மாணவருக்குச் சொந்தம். பின்னாளில் வேங்கடசுப்பையர் அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்தார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனங்களையும் அப்பிரசங்கங்களில் பாடினார். எந்தக் கட்டத்திற்கு எந்தப் பாட்டு பொருந்தும் என்று தேர்ந்து வைத்திருப்பது அவருக்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பு.

வேங்கடசுப்பையரின் மைந்தரே பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று போற்றப்பெற்ற உ.வே. சாமிநாதையர். தாம் அறிந்த வரலாறுகளுள் கிருஷ்ணையரின் பதம் ஒன்று பிறந்த சூழலையும் அவர் எழுதியுள்ளார். பதம் என்பது பெரும்பாலும் தலைவி கூற்றாகவோ தோழி கூற்றாகவோ அமையும் இசைப்பாடல். ஒருமுறை சில நாள்கள் ஜமீன்தாரைக் காணும் வாய்ப்பு கிருஷ்ணையருக்குக் கிட்டவில்லை. அரசவையில் ஆதரவு பெற்று வாழ்பவர் புரவலரிடம் நேரே முறையிடுதல் எளிதன்று. அவர் ஒரு பதம் இயற்றினார். முன்பு அன்பு காட்டிப் பரிசில் பல தந்த தலைவன் இப்போது வாராமை என்ன என்று தலைவி வருந்துவதாக அது அமைந்தது. அச்சூழலை அறியாதவருக்கு அஃது ஒரு காதற்பாட்டு. அறிந்தவருக்கோ கலைஞர் ஒருவரின் மானம் காக்கும் விண்ணப்பமும் ஆகும். ஒரே சொற்கள் இரண்டு பொருளையும் தாங்குகின்றன. செம்மையாகச் செய்யப்பட்ட பாட்டு என்று இதைத்தான் கூற வேண்டும்.

பதங்களின் கட்டமைப்பும் கருதத்தக்கது. பல்லவி பாட்டின் கருத்தைச் சுருங்கச் சொல்லும், அனுபல்லவி அதை ஒருபடி உயர்த்தும், சரணம் விரித்துரைக்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் பல்லவி திரும்ப வரும்போது, அதே சொற்கள் முன்னிலும் கனத்த பொருளுடன் ஒலிக்கும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று மணித்துளிகளே பதிய இயன்ற காலத்தில் பாட்டின் நீளம் குறைந்தது. ஆயினும் பல்லவியும் சரணமும் திரைப்பாடலில் நிலைத்துவிட்டன. இன்றைய மாணவர் முணுமுணுக்கும் பாட்டிலும் அவை உள்ளன.

இளமையில் சாமிநாதையருக்கு இசைப்பயிற்சி தொடர்ந்து அமையவில்லை. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றபோது, அவ்வூரிலிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றார். இசையில் செல்லும் மனம் இலக்கியத்தில் ஆழாது என்பது பிள்ளையவர்களின் எண்ணம். அதனை அறிந்ததும் சாமிநாதையர் இசைப்பயிற்சியை நிறுத்திக்கொண்டார். தந்தையாரின் விருப்பம் ஒருபுறம், ஆசிரியரின் கருத்து மறுபுறம். பதினாறு பதினேழு வயதில் எளிதில் எடுக்கத்தக்க முடிவன்று அது.

ஆனால் கேட்ட பாடல்கள் அவரை விட்டு அகலவில்லை. சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பித்து முதுமை எய்திய பின்னர், 1936ஆம் ஆண்டில் ‘கனம் கிருஷ்ணையர்’ என்னும் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு அகவை எண்பத்தொன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றிய நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. கைவிட்ட கலைக்கு அவர் செலுத்திய கடன் என்று இவற்றைக் கருதலாம். கீர்த்தனங்களைத் தருவதோடு அவர் அமையவில்லை. இயற்றியவர் யார், எந்த அவையில், எந்த மனநிலையில் பாடினார் என்பவற்றையும் பதிவு செய்தார்.

கைப்பேசித் தொகுப்பில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுவே. பாடகரும் நடிகரும் நினைவில் நிற்கின்றனர், எழுதியவர் மறைகிறார். 1944ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படப் பாடல்களை எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாடல்கள் என்றே பலரும் சொல்வர். அவற்றை இயற்றியவர் பாபநாசம் சிவன். ஐம்பது பாடல்களைச் சேர்ப்பதைவிட, பத்துப் பாடல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் எதிரிலும் இயற்றியவர், இசையமைத்தவர், அதை முதலில் கேட்கச் செய்தவர் ஆகியோரின் பெயர்களைக் குறித்து வைப்பது கடினம். ஏன் இந்தப் பாட்டு என்ற வினாவுக்கு அப்போது விடை தேட வேண்டியிருக்கும். ‘எல்லாரும் கேட்கிறார்கள்’ என்பது விடையாகாது.

கிருஷ்ணையர் நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1937இல், சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தது. நான்கடி முதல் எட்டடி வரையுள்ள பாடல்களைத் தேர்ந்து பண்டையோர் அமைத்த தொகை அது. அதிலுள்ள சில பாடல்களை இயற்றியவர்களின் இயற்பெயர் தெரியவில்லை. அவர்களுள் ஒருவரைத் தமிழுலகம் அவர் பாட்டில் வரும் உவமையைக் கொண்டு செம்புலப்பெயனீரார் என்றே அழைக்கிறது.