‘டேபிரேக்’ என்றால் இடைவேளையா?

எட்டாம் வகுப்பு ஆங்கிலச் சொற்பொருள் தேர்வில் ‘டேபிரேக்’ என்ற சொல்லுக்கு ஒரு மாணவி ‘பகல் இடைவேளை’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று கேட்டாள்: “பிரேக்குன்னா இடைவேளைதான டீச்சர்? பெல் அடிச்சா நீங்களே அப்படித்தான சொல்றீங்க?”

சட்டென்று பதில் வரவில்லை. மற்ற பிள்ளைகள் ‘விடியல்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். ஆனால் அதே ‘விடியல்’தான் அவர்கள் தாள்களில் ‘டான்’, ‘சன்ரைஸ்’ ஆகியவற்றுக்கும் எதிரே இருந்தது. அவர்கள் நான் சொன்னதை மனப்பாடம் செய்தவர்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

மறுநாள் அவள் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். பிரேக் என்றால் உடைதல். வேலையை நடுவில் உடைத்தால் இடைவேளை. இருட்டை உடைத்துக்கொண்டு வெளிச்சம் வந்தால் டேபிரேக். ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்பதில் உள்ள ஃபாஸ்ட் உண்ணாமல் இருத்தல். இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்ததை முறிக்கும் உணவு அது. (நோன்பை நாம் ‘திறக்கிறோம்’, ஆங்கிலத்தில் ‘உடைக்கிறார்கள்’.) 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தால் இந்தச் சொல் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அதற்குள் ஓர் ‘உடைப்பு’ இருப்பதுதான் புதிது.

பிறகு, “உங்க வீட்டுல முதல்ல எந்திரிக்கிறது யாரு? அப்ப வெளியே எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“அம்மா கருக்கல்லயே எந்திரிச்சிரும் டீச்சர்.”

“அப்பா வெள்ளன கிளம்பிருவாங்க. மருந்து கலக்குற வேலைய வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும்ல.”

“பட்டாசு ஆலை வண்டி வரும்போது பலபலன்னு விடிஞ்சிருக்கும்.”

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பணியாற்றும் எவருக்கும் இந்தப் பதில்கள் வியப்பைத் தராது. என்னை நிறுத்தியது ‘கருக்கல்’. விடியுமுன் உள்ள மங்கலும் கருக்கல்தான், அந்தி மங்கலும் கருக்கல்தான். ‘ட்வைலைட்’ என்பதும் அப்படியே, இரண்டு பொழுதுக்கும் பொது. ‘அந்தி’ என்று மட்டும் பொருள் சொல்லி இத்தனை ஆண்டுகள் நான் பாதியைத்தான் நடத்தியிருக்கிறேன்.

மற்றச் சொற்களையும் பிள்ளைகளின் காலைப்பொழுதிலேயே வைத்துக் காட்டினேன். சூரியனின் விளிம்பு அடிவானத்தில் தெரியும் அந்தக் கணம் ‘சன்ரைஸ்’. சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரில் சூரிய உதயம் என்று மணி, நிமிடத்தோடு போட்டிருப்பது அதுதான். அதற்கு முன்னால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும் நேரம் ‘டான்’. பகலைக் குறிக்கும் ‘டே’யும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை, பகலாகி வருதல் என்பதே பழைய பொருள். எனவே பகல் ‘டான்’ ஆகும், சூரியன் ஆகாது. சூரியன் ‘ரைஸ்’ ஆகும். “தி சன் டான்ட்” என்று எழுதும் பிள்ளைக்கு இதைச் சொன்னால் போதும்.

சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போது தொடங்கும் காலை மங்கல், நம் ஊரில் சூரிய உதயம் வரை 20 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நீடிக்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் அது ஏறக்குறைய முக்கால் மணி நேரம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக ஏறிவிடுகிறது. அறிவியல் ஆசிரியரையும் வகுப்புக்கு அழைக்க நல்ல இடம் இது.

இந்தக் கருக்கலுக்கு இங்கே வேறொரு நினைவும் உண்டு. 1980களில் இந்தப் பகுதியைப் பற்றி எழுதியவர்கள், ஆலை வண்டிகள் விடியுமுன் கிராமங்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பர் 10 அன்று. என் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமாரில் சிலர் அந்த வண்டிகளில் போனவர்கள். ‘டான்’ என்ற சொல்லை மலர், பறவை, பனித்துளி என்று படம் போட்டு மட்டும் இங்கே நடத்திவிட முடியாது.

‘இட் டான்ட் ஆன் மீ’ என்ற தொடர் பிள்ளைகளை மிரட்டும். இதற்குத் தமிழில் ‘விளங்கியது’ என்ற சொல்லே இருக்கிறது. விளங்குதல் ஒளிர்தலும்தான், புரிதலும்தான். ‘டுமாரோ’வும் எளிதுதான். அதிலுள்ள ‘மாரோ’ முன்பு காலைப்பொழுதைக் குறித்தது. “விடிஞ்சா பரீட்சை” என்று நாம் சொல்வதில் உள்ள ‘விடிஞ்சா’ போல.

தொடக்கத்தைக் குறிக்கும் சொற்களில் ‘பிகின்’, ‘ஸ்டார்ட்’, ‘கமென்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘ஸ்டார்ட்’ முன்பு துள்ளி எழுதலைக் குறித்தது. அதனால் வண்டி ‘ஸ்டார்ட்’ ஆகும், ‘பிகின்’ ஆகாது. ‘கமென்ஸ்’ பிரெஞ்சு வழி வந்த விறைப்பான சொல், சுற்றறிக்கைகளுக்கு மிகவும் பிடித்தது.

நேரம் எடுத்து நடத்த வேண்டியது ‘கோ ஆஃப்’. அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் நின்றுவிட்டது என்றே பெரும்பாலான பிள்ளைகள் எழுதுகிறார்கள். ‘ஆஃப்’ அவர்களுக்கு விளக்கை அணைக்கும் சுவிட்ச். உண்மையில் அலாரம் அடித்தது என்று பொருள். சோதித்துப் பார்க்க ‘தி கிராக்கர் வென்ட் ஆஃப்’ என்று எழுதிப் போட்டேன். “நமத்துப் போச்சு டீச்சர்” என்றான் ஒருவன். வெடித்தது என்பதுதான் பொருள். பட்டாசுப் பெட்டியிலும் விபத்துச் செய்தியிலும் ஆங்கிலம் வாசிக்கப்போகும் ஊரில் இந்தப் பிழையை அரை மதிப்பெண் குறைத்து விட்டுவிடக் கூடாது. ‘செட் ஆஃப்’ என்பதும் இப்படித்தான். பயணம் கிளம்புவதும் அது, வெடிக்க வைப்பதும் அது. எந்தப் பொருள் என்பதை வாக்கியம்தான் சொல்லும்.

வீட்டுப்பாடமாக அவரவர் வீட்டுக் காலைப்பொழுதை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களில் எழுதி வரச் சொன்னேன். ‘பகல் இடைவேளை’ எழுதியவள் எழுதி வந்தது: “மை மதர் செட்ஸ் ஆஃப் பிஃபோர் டேபிரேக். மை லிட்டில் பிரதர் ஹாஸ் பிரேக்ஃபாஸ்ட் அட் ஸ்கூல்.”

பழைய தாளை வாங்கி அரை மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன். “மீதி அரை?” என்று கேட்டாள்.