காதைக் காக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பவர் டில்லர், கதிரடிக்கும் இயந்திரம், விசைத்தெளிப்பான் ஆகியவை உழவரின் வேலைப்பளுவைக் குறைத்துள்ளன. ஆனால் இவற்றின் இரைச்சல் செவித்திறனைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. வலி இல்லாததால் கேடு வெளியே தெரிவதில்லை. உட்காதிலுள்ள நுண்ணிய உணர்செல்கள் அழிந்துவிட்டால் மீண்டும் வளர்வதில்லை. எனவே வருமுன் காப்பதே வழி.

எப்போது தேவை?

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச நேர்ந்தால், இரைச்சல் சுமார் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது எனக் கொள்ளலாம். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இந்த நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலில் 1 மணி நேரமும், 100 டெசிபலில் 15 நிமிடமும்தான் பாதுகாப்பு. வேலை முடிந்தபின் காதில் ரீங்காரம் கேட்பது எச்சரிக்கையாகும். முதலில் ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றுங்கள். தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குங்கள்.

எதை வாங்கலாம்?

1. நுரை அடைப்பான்: விலை குறைவு, வெயிலிலும் அணியலாம். உருட்டிச் செருக வேண்டியிருப்பதால் கை சுத்தமாக இருக்க வேண்டும். சேறும் மருந்தும் படும் வேலைக்கு ஏற்றதல்ல.

2. கயிறு கோத்த ரப்பர் அடைப்பான்: சோப்பு நீரில் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். கழற்றினால் கழுத்தில் தொங்கும். வயல் வேலைக்கு ஏற்றது.

3. காது மூடி: அடிக்கடி கழற்றி மாட்டும் வேலைக்கு நல்லது. தலைத்துண்டின் மேல் மாட்டினால் இடைவெளி வழியே இரைச்சல் புகும். காதில் சீழ் வடிபவர்கள் அடைப்பான் செருகாமல், மருத்துவரைக் கேட்டு இதை அணியலாம்.

பஞ்சு வைப்பதால் போதிய பயன் இல்லை.

உறையில் என்.ஆர்.ஆர். என்ற எண் இருக்கும். அதில் 7ஐக் கழித்துப் பாதியாக்குங்கள். 29 எனில், நடைமுறையில் சுமார் 11 டெசிபல் குறையும் எனக் கொள்ளலாம். 95 டெசிபல் இரைச்சலுக்கு இது போதும்.

அணியும் முறை

கையைக் கழுவி, நுரை அடைப்பானை மெல்லிய திரி போல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே அடைத்தாற்போல் கேட்டால் சரியாகப் பொருந்தியுள்ளது.

8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் கழற்றிவிட்டால், எவ்வளவு உயர்ந்த கருவியானாலும் மொத்தப் பயன் 12 டெசிபலைத் தாண்டாது. ஆகவே விலை உயர்ந்ததைவிட, வேலை முடியும்வரை கழற்றாமல் அணியக்கூடியதே சிறந்தது.

கதிரடிக்கும்போது உடன் வேலை செய்பவரின் கூக்குரல் காதில் விழாமல் போகலாம். இயந்திரத்தை நிறுத்துவதற்கான கைச்சைகையை முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு உழவு ஓட்டுவோரும் கூலிக்கு மருந்து தெளிப்போரும் நாள் முழுவதும் இரைச்சலில் இருப்பவர்கள். அவர்களுக்கும் ஒரு சோடி வாங்கிக் கொடுப்பது உழவர்களின் கடமையாகும்.