ஓர் அட்டைத் துண்டால் மரக்காட்டை அளக்கலாம்

மாணவர்களே, பள்ளித் திடலில் குவாட்ரட் சட்டத்தைப் போட்டுப் புல்லை எண்ணியிருப்பீர்கள். பல்லாயிரம் ஹெக்டர் மாட்டுப் பண்ணையில் நிற்கும் மரங்களை எப்படி அளப்பது?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், சார்ட்டர்ஸ் டவர்ஸ் நகரைச் சுற்றிலும் யூகலிப்டஸ் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் வறண்ட காடுகள் உள்ளன. அங்கே மழை குறைவாகத்தான் பெய்கிறது. அந்தக் கொஞ்ச நீருக்கு மரமும் புல்லும் போட்டியிடுகின்றன. மரம் அடர்ந்தால் புல் குறையும். அப்போதும் பழைய எண்ணிக்கையிலேயே மாடுகளை மேயவிட்டால் தரை வெறுமையாகும். கனமழை வந்தால் அந்த மண் பர்டெக்கின் ஆற்றில் கலந்து, பெரும் பவளத்திட்டு இருக்கும் கடல் வரை போய்விடும்.

மழைக்குப் பின் எல்லா நிலமும் பச்சையாகத்தான் தெரியும், கண் ஏமாறும். மரங்களை வெறுமனே எண்ணினாலும் ஏமாறுவோம். 5 செ.மீ. விட்டமுள்ள 100 இளமரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பும் 50 செ.மீ. விட்டமுள்ள ஒரே மரத்தின் பரப்பும் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள்! அதனால், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எல்லா அடிமரங்களின் குறுக்குவெட்டுப் பரப்பையும் கூட்டி, ஒரு ஹெக்டருக்கு இத்தனை சதுர மீட்டர் என்று சொல்வார்கள்.

இதை எளிதாக்கியவர் ஆஸ்திரிய வனவியலாளர் வால்டர் பிட்டர்லிக். அவர் தம் முறையை 1948இல் வெளியிட்டார். 1 செ.மீ. அகல அட்டையைக் கண்ணிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். தூரம் மாறாமலிருக்க அட்டையில் நூல் கட்டி, மறுமுனையைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அட்டையைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணுங்கள். 7 மரங்கள் என்றால், ஹெக்டருக்கு 7 சதுர மீட்டர். அவ்வளவுதான்!

மந்திரம் ஒன்றுமில்லை. d விட்டமுள்ள மரம் 50d தூரத்திற்குள் இருந்தால்தான் கணக்கில் வரும். அந்த வட்டத்தின் பரப்பு π × 2500d². மரத்தின் பரப்பு πd²/4. வகுத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர் அல்லவா?

ஓரிடத்து அளவை நம்ப வேண்டாம். நான்கு இடங்களில் 7, 11, 4, 10 வந்தால் சராசரி 8. இந்த எண் மட்டும் நிலத்தின் தரத்தைச் சொல்லிவிடாது. பல்லாண்டுப் புற்கள் எவ்வளவு, வெறும் தரை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். மரத்தை எதிரியாகவும் நினைக்காதீர்கள், மாட்டுக்கு நிழல் அதுதான்.

பூங்காவில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: அகலம் சரிசமமாகத் தெரிந்தால் நாடா பிடித்து அளந்துவிடுங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள மரத்திற்கு எல்லை 10 மீட்டர்.