மெட்டல் இசைக்கு 'நச்' என்ற கிக் டிரம்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் நாம் எல்லோரும் முதலில் செய்வது பாட்டு கேட்பதுதான். பாட்டைப் பதிவு செய்து மெருகேற்றவும் அதே கம்ப்யூட்டர் போதும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஒலிப்பதிவை எங்கும் முறையாகப் படித்ததில்லை. ஒரு நண்பனுக்காகக் கற்றுக் கொண்டேன். அதுவும் ஒரு முறை கெடுத்த பிறகு!

நண்பன் ஒரு மெட்டல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். டிரம்ஸ் செட்டில் தரையில் படுத்த மாதிரி இருக்கும் பெரிய டிரம்தான் கிக் டிரம். அதைக் காலால் பெடலை மிதித்து அடிப்பார்கள். மெட்டல் இசையில் இரண்டு கால்களாலும் மாறி மாறி, மிக வேகமாக அடிப்பது வழக்கம். இதற்காக அவன் ஆறு மாதம் பயிற்சி செய்திருந்தான்.

ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டிய பாட்டை என்னிடம் மிக்ஸ் செய்யக் கொடுத்தான். என் மேஜையில் இருந்த சிறிய ஸ்பீக்கரில் கிக் டிரம் சரியாகக் கேட்கவில்லை. உடனே பேஸ் அளவை ஏற்றி விட்டேன். மறுநாள் அவன் காரில் போட்டுக் கேட்டோம். கிரைண்டர் ஓடுவது போல ஒரே 'கும்ம்ம்' சத்தம். அவன் கோபப்படவில்லை. "நான் வாசிச்சது எங்கேடா?" என்று மட்டும் கேட்டான். பாட்டை அனுப்ப இரண்டே நாட்கள்தான் இருந்தன.

தவறு எங்கே?

ஒரு சிறிய கணக்கு போடுவோம். பாட்டின் வேகம் நிமிடத்திற்கு 180 பீட். ஒரு பீட்டுக்கு நான்கு அடி என்றால், விநாடிக்கு 12 அடி. அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே சுமார் 83 மில்லி விநாடிதான். ஆனால் அந்தக் கிக் டிரம்மின் அதிர்வு அடங்கக் கால் விநாடி, அதாவது 250 மில்லி விநாடி ஆனது. ஓர் அடி அடங்குவதற்குள் அடுத்த மூன்று அடிகள் அதன் மேல் விழுகின்றன. இதில் பேஸை ஏற்றினால் குழப்பம்தான் கூடும். எனவே 'நச்' என்ற சத்தத்திற்கு முதலில் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும்.

தேவையானவை

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளும், காதை முழுவதும் மூடும் ஒரு ஹெட்போனும் போதும். கிக் டிரம் தனி மைக்கில், தனி டிராக்காகப் பதிவாகி இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து செல்போனில் பதிவு செய்த பாட்டுக்கு இந்த முறை உதவாது. பதிவு செய்யும்போதே டிரம்முக்குள் பழைய போர்வை ஒன்றை வைத்து விட்டால் பாதி வேலை முடிந்தது.

செய்முறை

1. கிக் டிராக்கை மட்டும் தேர்வு செய்து, கண்ட்ரோல் + டி அழுத்தி ஒரு நகல் எடுங்கள். மூல டிராக்கை மியூட் செய்து விடுங்கள். தவறு நடந்தால் அது கைகொடுக்கும்.

2. எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் கேட் என்பதைத் திறங்கள். அட்டாக் 1, ஹோல்டு 30, டிகே 30 மில்லி விநாடி என்று கொடுங்கள். அடி விழுந்ததும் கதவு திறந்து, அடுத்த அடிக்கு முன் மூடிக் கொள்ளும். த்ரெஷோல்டு அளவைச் சிறிது சிறிதாக ஏற்றி, இடையில் உள்ள இரைச்சல் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். மெதுவாக விழுந்த அடிகளும் சேர்ந்து மறைந்தால் அளவைக் குறையுங்கள்.

3. அடுத்து கிராஃபிக் ஈக்யூ. இதில் வரிசையாக ஸ்லைடர்கள் இருக்கும். 20, 25 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்களை நன்றாக இறக்குங்கள். 250, 315, 400 ஆகிய மூன்றையும் 6 டெசிபல் இறக்குங்கள். அட்டைப் பெட்டியைத் தட்டுவது போன்ற சத்தம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 63-ஐ 3 டெசிபல் மட்டும் ஏற்றுங்கள். 4000, 5000 இரண்டையும் 5 டெசிபல் ஏற்றுங்கள். பெடலின் சுத்தி தோலில் படும் 'டிக்' ஓசை இதில்தான் வரும். சிறிய ஸ்பீக்கரில் அடிகளை எண்ண முடிவது இந்த 'டிக்' இருந்தால்தான்.

4. கம்ப்ரஸரைத் திறங்கள். ரேஷியோ 4, அட்டாக் 25, ரிலீஸ் 50 மில்லி விநாடி. அட்டாக்கை மிகவும் குறைத்தால் அடியின் முதல் வேகத்தையே அது அமுக்கி விடும். ரிலீஸ் 83-ஐத் தாண்டினால் அடுத்த அடியும் அமுங்கும்.

5. இனி மற்ற வாத்தியங்கள். எலக்ட்ரிக் கிட்டாரின் சாதாரண சுருதியில் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கிட்டார் டிராக்கில் இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான், வெட்டி விடுங்கள். பேஸ் கிட்டாரில் 63-ஐ 3 டெசிபல் இறக்குங்கள். கிக் டிரம்முக்கு இடம் கிடைக்கும்.

இந்த எண்கள் எங்கள் பாட்டுக்குப் பொருந்தியவை. உங்கள் பாட்டின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டு மாற்றிக் கொள்ளுங்கள். 60,000-ஐ வேகத்தால் வகுத்து, மீண்டும் 4-ஆல் வகுத்தால் இடைவெளி கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது

சோலோ பட்டனை அழுத்திக் கிக் டிரம்மை மட்டும் கேட்டால், இப்போது மெலிந்து போனது போல இருக்கும். பயந்து பேஸை ஏற்றி விடாதீர்கள். எல்லா வாத்தியங்களுடனும் சேர்த்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஹெட்போன், செல்போன், கார் என மூன்றிலும் கேளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க மெட்டாலிகா 1988-ல் வெளியிட்ட 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் நல்ல பாடம். கிக் டிரம்மின் 'டிக்' தெளிவாகக் கேட்கும். ஆனால் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். அதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!

இரண்டாம் நாள் இரவு, புது மிக்ஸை அதே காரில் போட்டோம். வேகமான பகுதி வந்ததும் நண்பன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டான். ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்டது. ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க என் இடது கால் லேட்டு" என்றான். முதல் மிக்ஸில் அவனது தவறுகூடக் கேட்கவில்லையே! அந்தப் பகுதியை மறுபடி வாசித்துப் பதிவு செய்து, கடைசி நாளில் அனுப்பினோம்.