கிதார் உறுப்புகளில் துரு நீக்கும் முறை

கிதாரின் திருகாணிகள், சுருள்விற்கள், தந்தி தாங்கிகள் ஆகியவற்றுள் பல எஃகினால் ஆனவை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஈரமும் இரும்புடன் கூடுவதால் துரு உண்டாகிறது. விரல் வியர்வையிலுள்ள உப்பு இதனை விரைவுபடுத்துகிறது.

இத்துருவைக் கரைக்கச் சமையலறை வினிகரே போதும். அதில் ஏறத்தாழ 5 சதவீதம் அசெட்டிக் அமிலம் உண்டு. அமிலம் மரத்தின் மெருகில் படலாகாது. ஆதலின் உறுப்புகளை முதலில் கழற்றுக. கண்ணாடிக் கிண்ணத்தில் வினிகர் ஊற்றி, அவற்றை அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும்.

இரவு முழுதும் ஊறவிடுதல் தவறு. அமிலம் துருவோடு நில்லாது, நல்ல இரும்பையும் அரிக்கும்; அப்போது எழும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயுவாகும். துத்தநாகக் கலவையால் வார்த்தவற்றையும், முலாம் பூசியவற்றையும் வினிகரில் இடலாகாது. எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

துரு நீங்கியதும் உறுப்புகளை நீரில் கழுவி, ஒரு தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, அதில் அமிழ்த்துக. எஞ்சிய அமிலம் நடுநிலையாகும். மீண்டும் கழுவி, உடனே உலர்த்தித் தையல் இயந்திர எண்ணெயைச் சிறிது தடவுக. இதனைத் தவறவிட்டால், துரு நீங்கிய எஃகின்மீது சில மணி நேரத்திலேயே புதிய துரு படரும்.

துருவால் இழந்த இரும்பு மீளாது. ஆகவே, ஒவ்வொரு முறை வாசித்தபின்னும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பதே சிறந்த பாதுகாப்பாகும்.