சக்கரும் சக்கரையும்

அமராவதி நகர்

அன்புள்ள அம்மிணி,

திருப்பூர் ஆஸ்பத்திரியில் வடக்கத்தித் தொழிலாளர்களுக்குப் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டுச் சந்தோஷம். நல்ல இந்தி அகராதி எது என்கிறாய். ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள். ஓ.பி. வரிசையில் அதைப் புரட்ட நேரமிருக்காது.

நான் சேர்ந்த புதிதில், ஒன்றரை ஷிப்ட் முடித்து நேராக வந்த ஓவர்லாக் டெய்லர், பீகார்ப் பையன், "சக்கர் ஆ ரஹா ஹை" என்றான். நர்ஸ் காதில் 'சக்கரை' என்று விழுந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாகிவிட்டது, நார்மல். நான் முந்திக்கொண்டு "மயக்கமாம்" என்றேன். அதுவும் அரைகுறைதான். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம் என்போம். டாக்டருக்கு இரண்டும் வேறு. 'கிறுகிறுன்னு வருதாம், விழலை, காலையிலிருந்து சாப்பிடலை' என்று கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

"தில் கப்ரா ரஹா ஹை" என்பார்கள். உடனே இதய நோயாக்கிவிடாதே. படபடப்பாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம், கேள். பிரெஞ்சுக்காரர்கள் குமட்டலைச் சொல்கிற 'மால் ஓ கேர்' எழுத்துக்கு எழுத்து 'இதயத்தில் வலி'தான். நம்மூர் ஆத்தா உடம்பு வலியை "மேலு வலிக்குது" என்றால், மேலே என்று நினைத்து 'ஊப்பர்' என்றா பெயர்ப்பாய்?

ஒடியாவில் 'முண்டொ' என்றால் தலை. நமக்கு முண்டம் என்றால் தலையில்லாதது. ஒருவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியோடு வந்த மனுஷன் முகம் சுண்டிப்போனது. நீ சிரிக்காதே.

தையல் லைனை விட்டு எழுந்து போக முடியாமல் தண்ணியே குடிக்காத பெண்கள் முதலில் 'வயிற்றுவலி' என்றுதான் தொடங்குவார்கள். ஆண்கள் நகர்ந்த பிறகு மெதுவாக "பேஷாப் மே ஜலன்" என்பார்கள். 'சிறுநீர் கழிக்கையில் எரிச்சல்' என்று பாடப்புத்தகம் மாதிரி ஒப்பிக்காதே. நீர்க்கடுப்பு என்றால் தீர்ந்தது.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்தபடி இங்கிலீஷ் வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கினார். எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடவேண்டிய பாடு அவருக்கு. உனக்கு வேண்டிய சொல்லெல்லாம் உன் பாட்டியின் வாயிலேயே இருக்கிறது.

என் பழைய நோட்டை அனுப்புகிறேன். 'கமர்' என்ற இடத்தில் இடுப்பு என்று எழுதி அடித்து, முதுகு என்று எழுதி, அதையும் அடித்திருப்பேன். அதற்கு மட்டும், வந்தவரையே கையை வைத்துக் காட்டச் சொல்.