பெட்டாவின் கதையை எழுத வருகிற பிள்ளைகளுக்கு

மோட்டார் சைக்கிள் வரலாறு எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் டுகாட்டியிலோ ஹோண்டாவிலோ தொடங்குகிறார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கம்பெனி வேறு. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகருக்குப் பக்கத்தில், ஆர்னோ ஆற்றை ஒட்டி, ரிஞ்ஞானோ சுல்லார்னோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பெட்டா வண்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன. பாறையிலும் சேற்றிலும் காட்டுத் தடத்திலும் ஓடுகிற வண்டிகளுக்குப் பேர்போன கம்பெனி. நூறு ஆண்டு தாண்டியும் பியாங்கி குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. இன்று அதை நடத்துகிறவர் லாப்போ பியாங்கி. தொழிலில் வரக்கூடிய சோதனைகள் ஏறக்குறைய எல்லாமே இதன் கதையில் உண்டு. ஒருவர் உட்கார்ந்து படித்து முடித்துவிடக்கூடிய அளவில் இருப்பது இன்னொரு வசதி. எழுதத் தொடங்குமுன் மனதில் வைக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் எந்தக் குடும்பம் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பியாங்கி என்ற பெயரில் சைக்கிளுக்குப் புகழ்பெற்ற வேறொரு கம்பெனி உண்டு. எதுவார்தோ பியாங்கி 1885ல் மிலான் நகரில் தொடங்கியது அது. நம் கதை ஃபுளோரன்சில், ஜுசெப்பே பியாங்கி தொடங்கிய சைக்கிள் தொழிலில் ஆரம்பிக்கிறது. இரண்டும் சைக்கிள், இரண்டும் இத்தாலி என்பதால் ஒன்றின் சாதனையை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. தொடங்கிய ஆண்டை 1904 என்றும் 1905 என்றும் எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்காமல் இரண்டையும் சொல்லிவிட்டுப் போங்கள். பெட்டா என்ற பெயரும் கிரேக்க எழுத்திலிருந்து வந்ததல்ல. பியாங்கி என்சோ, தோசி அரிகோ என்ற இருவர் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்தது.

2. சைக்கிள் காலத்தை ஒரு வரியில் தாண்டிப் போகாதீர்கள்.

கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் இந்தக் குடும்பத்துக்குச் சைக்கிள்தான் சோறு போட்டது. மோட்டார் வண்டிக்கு அவர்கள் வந்தது இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1940களின் கடைசியில். அந்த நாளின் இத்தாலியை மனதில் கொண்டு வாருங்கள். உடைந்துபோன நாடு, கையில் காசில்லாத மக்கள், வேலைக்குப் போக எதிலாவது ஏறியாக வேண்டும். சைக்கிளில் மாட்டி ஓட்டுகிற சின்ன எஞ்சின்கள் அப்போது நன்றாக விற்றன. டுகாட்டியே அப்படி ஒரு எஞ்சினோடுதான் இந்தத் தொழிலுக்குள் வந்தது. ஃபுளோரன்ஸ் இருக்கும் இதே தஸ்கனிப் பகுதியில், இதே ஆர்னோ ஆறு ஓடும் போக்கில் கீழே இருக்கும் பொந்தெதேராவில், பியாஜ்ஜோ கம்பெனி 1946ல் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு சைக்கிள் பட்டறை மோட்டார் வண்டி செய்ய இறங்கியது என்பதை வாசகருக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

பிறகு 1957ல் ஃபியட் 500 வந்தது. குடும்பத்தோடு போக மலிவான கார் கிடைத்ததும் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு இருந்த தேவை சரிந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் இத்தாலியில் இளைஞர்களின் ஆசைப்பொருளாக மாறியதற்கு இதுதான் பின்னணி. மலைத்தடத்தில் ஓட்டும் மோகம் அங்கிருந்துதான் கிளம்பியது. பெட்டா தன் வழியைக் கண்டதும் அதிலேயே.

3. விளையாட்டின் விதி தெரியாமல் வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

பெட்டாவுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது டிரையல் என்ற போட்டி. அதில் முதலில் போய்ச் சேர்ந்தவருக்குப் பரிசு கிடையாது. பாறை, ஓடை, வழுக்குகிற வேர், செங்குத்தான மேடு என்று குறித்து வைத்த பகுதிகளைக் காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் தரையில் பட்டால் ஒரு தண்டப்புள்ளி, இரண்டு முறை பட்டால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் மூன்று. கடக்க முடியாமல் போனால் ஐந்து. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கு வெற்றி.

இந்த விதி தெரிந்துவிட்டால் வண்டியின் உருவம் தானாகப் புரிந்துவிடும். உட்காரவே நேரமில்லாததால் சீட் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்காது. பாறையில் தட்டாமலிருக்க எஞ்சினின் அடிப்பாகம் உயர்ந்திருக்கும். வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை. ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கும் வேகத்தில் எஞ்சின் அணையாமல் இழுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எடை. இன்றைய பெட்டா ஈவோவின் டூ-ஸ்ட்ரோக் வண்டி 70 கிலோவுக்கும் குறைவு. 1980களின் முடிவில் வந்த ஜீரோ என்ற மாடலில் அவர்கள் அலுமினிய ஃபிரேமுக்குப் போனதும் இந்த எடைக்காகத்தான்.

ஜோர்டி தாரெஸ் என்ற ஸ்பெயினின் கத்தலான் இளைஞர் இந்தக் கதைக்குள் நுழையும் இடத்தில் நிதானமாக எழுதுங்கள். அவர் சிறு வயதில் சைக்கிளில் டிரையல் ஓட்டிப் பெயர் வாங்கியவர். நின்ற இடத்திலேயே முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் துள்ளவைத்து வண்டியைத் திருப்பும் சைக்கிள் வித்தையை மோட்டார் வண்டிக்குக் கொண்டுவந்தார். 1987ல் பெட்டாவில் உலகச் சாம்பியன் ஆனார். பிறகு 1989, 1990, 1991 என்று தொடர்ந்து மூன்று முறை. சைக்கிளில் தொடங்கிய குடும்பத்தின் வண்டிக்கு முதல் உலகப் பட்டம் சைக்கிளில் பழகிய பையன் மூலம் வந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வித்தைக்கு ஈடுகொடுக்க லேசான வண்டி வேண்டும், லேசாக வண்டி செய்யத் தெரிந்தவர்கள் இவர்கள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

4. பட்டங்களை எண்ணும்போது பிரிவையும் சேர்த்து எண்ணுங்கள்.

தாரெஸ் ஏழு முறை உலகச் சாம்பியன். நான்கு பெட்டாவில், மீதி மூன்று ஸ்பெயினின் கேஸ்கேஸ் வண்டியில். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த டக்கி லாம்ப்கினும், உள்ளரங்கப் பிரிவைச் சேர்க்காமல், திறந்தவெளிப் போட்டியில் மட்டும் ஏழு முறை உலகச் சாம்பியன். 1997, 1998, 1999 பட்டங்கள் பெட்டாவில். அடுத்த நான்கு, ஹோண்டாவுக்குச் சொந்தமான மான்டேசாவில். அவருடைய தந்தை மார்ட்டின் லாம்ப்கின் 1975ல் டிரையலின் முதல் உலகச் சாம்பியன்.

இரண்டு பெரிய வீரர்களையும் இந்தச் சிறிய கம்பெனி வளர்த்தது, இரண்டு பேருமே போனார்கள். ஹோண்டாவின் பணத்தோடு ஒரு குடும்பம் போட்டி போட முடியாது. இதில் வருத்தப்பட்டு எழுத எதுவுமில்லை. இரண்டு முறையும் சாம்பியன் போன பிறகு பெட்டா கடையைச் சாத்தவில்லை, பட்டம் வாங்கிய வண்டியை மேலும் திருத்தி விற்றது என்பதை எழுதுங்கள். ஒரு வீரனை நம்பி நிற்கும் கம்பெனி எது, வண்டியை நம்பி நிற்கும் கம்பெனி எது என்று வாசகர் அதிலிருந்து தெரிந்துகொள்வார்.

5. எஞ்சின் யாருடையது என்று கேளுங்கள்.

என் அறிவுரைகளில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தாளில் டேங்கின் மேல் இருக்கும் பெயரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் எஞ்சின் கேஸின் மேல் இருக்கும் பெயரைப் பாருங்கள்.

டிரையல் வண்டிக்கு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பெட்டாவே செய்தது. மற்ற வண்டிகளில் அப்படியல்ல. ஆல்ப் என்ற மலைப்பாதை வண்டியில் இருந்தது சுசூகி எஞ்சின். இத்தாலியில் 14 வயதுப் பிள்ளைகள் ஓட்டுவதற்கென்று செய்த 50 சிசி வண்டியில் இருந்தது மினரெல்லி எஞ்சின். அந்த மினரெல்லியைப் பின்னாளில் யமஹாவிடமிருந்து வாங்கியது பெட்டாவின் பழைய போட்டியாளரான ஃபான்டிக்! 2000களின் நடுவில் பெட்டா, காட்டுத் தடத்தில் நெடுந்தூரம் ஓட்டும் எண்டியூரோ என்ற பந்தய வகைக்கான பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வந்தபோது ஃபிரேம் தன்னுடையது, எஞ்சின் ஆஸ்திரியாவின் கேடிஎம்முடையது. எண்டியூரோ சந்தையில் கேடிஎம்தான் முதலிடம். போட்டியாளரிடமே எஞ்சின் வாங்கி அவருக்கு எதிராகவே விற்பது எவ்வளவு நாள் நடக்கும்? கொடுப்பவர் நிறுத்தினால் அன்றைக்கே வண்டி நிற்கும்.

அதனால்தான் 2010ஆம் ஆண்டு மாடலைப் பெட்டாவின் வரலாற்றில் மிக முக்கியமான வண்டியாக நான் நினைக்கிறேன், உலகப் பட்டங்களைவிடவும். அந்த ஆண்டு ஆர்ஆர் என்ற எண்டியூரோ வரிசை பெட்டா தானே வடிவமைத்த ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. புதிதாக ஓர் எஞ்சினை வரைந்து, வார்த்து, சோதித்து, உதிரிபாகங்களோடு உலகம் முழுக்க அனுப்புவது ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் கேட்கிற காரியம். சில ஆண்டுகளில் 250, 300 சிசி டூ-ஸ்ட்ரோக் எண்டியூரோ வண்டிகளும் சொந்த எஞ்சினோடு தொடர்ந்தன. எண்டியூரோவில் உலகப் பட்டங்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2017லும் 2018லும் ஸ்டீவ் ஹோல்கோம்ப், 2019ல் பிராட் ஃப்ரீமேன் எண்டியூரோ ஜிபி சாம்பியன்கள் ஆனார்கள். இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள், இரண்டு பேர் வண்டியும் பெட்டா. வரிசையாகப் பட்டங்களை மட்டும் எழுதிவிட்டு 2010ஐ விட்டுவிட்டால் காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தை எழுதியதாகிவிடும்.

6. வழக்கத்துக்கு மாறான எண் கண்ணில் பட்டால் அங்கே நில்லுங்கள்.

பந்தய வகுப்புகள் 250, 450 என்று பிரிந்திருப்பதால் எல்லாக் கம்பெனிகளும் அந்த எல்லை வரை எஞ்சினைப் பெரிதாக்கும். பெட்டா 2015ல் தன் எஞ்சின்களை முன்பிருந்ததைவிடச் சிறிதாக்கி 390, 430, 480 என்று வைத்தது. சக்தியைத் தானாக விட்டுக்கொடுப்பார்களா என்று தோன்றும். எஞ்சினுக்குள் சுழலும் பாகங்கள் கனமாக இருந்தால் வண்டி திரும்ப மறுக்கும். நாள் முழுக்கக் காட்டில் ஓட்டுகிறவர் மதியத்துக்குள் களைத்துவிடுவார். கொஞ்சம் சக்தி போனாலும் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதே காலத்தில் வந்த எக்ஸ்டிரெய்னர் 300ஐயும் இதோடு சேர்த்துப் படியுங்கள். உயரம் குறைந்த சீட், மட்டுப்படுத்திய எஞ்சின், பெட்ரோலில் ஆயிலைக் கையால் கலக்கத் தேவையில்லாத ஏற்பாடு. பந்தயம் ஓட்டாத சாதாரண மனிதருக்கான வண்டி. சாம்பியனுக்கு வண்டி செய்கிற இடத்தில் இந்த மனிதரையும் ஒருவர் நினைத்திருக்கிறார்.

7. பெருமைக்குரியதல்லாத வண்டிகளையும் எழுதுங்கள். ஆர்க், ஐகான் என்று பெட்டா ஸ்கூட்டர் விற்ற காலம் ஒன்று உண்டு. ஜோனதன் என்று சாலை வண்டியும் செய்தார்கள். ரசிகர்கள் அவற்றை மறந்துவிட விரும்புவார்கள். நீங்கள் மறக்கக் கூடாது.

8. அக்கம்பக்கத்தாரின் கதையைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

1971ல் தொடங்கிய எஸ்டபிள்யூஎம் என்ற மிலான் பகுதிக் கம்பெனி 1981ல் டிரையல் உலகப் பட்டம் வாங்கியது. சில ஆண்டுகளில் மூடப்பட்டது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா மோட்டார் சைக்கிள் 1987ல் இத்தாலியின் கஜீவா கைக்கும், 2007ல் பிஎம்டபிள்யூ கைக்கும், 2013ல் கேடிஎம் தலைவர் ஸ்டெஃபான் பியரர் கைக்கும் மாறியது. தாரெஸை அழைத்துப்போன கேஸ்கேஸ் 2015ல் நொடித்து, 2019ல் அதே கேடிஎம் குடும்பத்துக்குள் போனது. எல்லோரையும் வாங்கிய கேடிஎம் 2024 நவம்பரில் கடன் தாளாமல் நீதிமன்றத்துக்குப் போனது. புனேயின் பஜாஜ் பணம் போட்டுத்தான் அதைக் காப்பாற்றியது.

இந்த வரிசையில் பெட்டாவை வைத்துப் பார்த்தால்தான், விற்கப்படாமல் ஒரே குடும்பத்தில் இருப்பது எவ்வளவு அரிது என்று தெரியும். அதற்காகக் குடும்பம் என்றாலே நல்லது என்று எழுதிவிடாதீர்கள். மூடப்பட்ட கம்பெனிகளில் பலவும் குடும்பக் கம்பெனிகளே. தாங்கக்கூடிய அளவுக்கு மேல் வளர ஆசைப்படாததுதான் இவர்களைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. நீங்கள் ஆதாரங்களைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

9. கதை முடிந்துவிட்டதாக நினைத்து எழுதாதீர்கள்.

2021ல் பெட்டா, மேடுபள்ளமான மண் தடத்தில் சுற்றிச்சுற்றி ஓட்டும் மோட்டோகிராஸ் உலகச் சாம்பியன்‌ஷிப்பில் 450 சிசி வண்டியோடு இறங்கியது. பெல்ஜியத்தின் ஜெரமி வான் ஹோர்பேக் ஓட்டினார். சில பருவங்கள் பந்தயத்தில் அடிபட்ட பிறகே அந்த வகை வண்டி கடைக்கு வந்தது. 2024ல் அமெரிக்காவில் அரங்குக்குள் தடம் அமைத்து நடத்தும் சூப்பர்கிராஸிலும் இறங்கினார்கள். ஜப்பானியக் கம்பெனிகளும் கேடிஎம்மும் நிறைந்த களம் அது, செலவும் அதிகம். தன் அளவு தெரிந்து நடந்த கம்பெனி என்று இப்போதுதான் சொன்னேன். அந்தக் கம்பெனி இதில் ஏன் இறங்கியது என்ற கேள்விக்கு விடை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு பருவத்தின் முடிவுகளையும் ஆண்டு, வீரர், வண்டி என்று இப்போதே குறித்து வையுங்கள்.

10. தமிழில் எழுதுங்கள். ஆஃப்ரோடு வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் நம்மிடம் பெருகிவருகிறார்கள். டிரையல் என்றால் என்ன, எண்டியூரோ என்றால் என்ன என்று தாய்மொழியில் படிக்க அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சமே. நீங்கள் எழுதும் முதல் கட்டுரை குறையோடு வந்தாலும் பரவாயில்லை. ஆண்டுகளும் பெயர்களும் மட்டும் சரியாக இருக்கட்டும். எழுதி முடித்ததும், அச்சுக்குப் போகுமுன், வண்டி பழுதுபார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுங்கள்.